தண்ணி ஏறுது

எங்கள் குவார்ட்டர்ஸில் தோட்டத்துக் குழாயை மூடும் வழக்கம் கிடையாது. காலையில் அப்பா திறந்து விடுவார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். புல்லுக்குப் பாய்ந்து, கல்வாழைக்குப் பாய்ந்து, பின்கட்டு வாழைக்கும் பாய்ந்து, மிச்சம் தெருவோரக் கால்வாயில் விழும். எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் திரும்பும்போது தெருவின் இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சத்தம் கூடவே வரும். சுற்றுப்பட்டு ஊர்களில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் எங்கள் நகரியம் பச்சைப் பசேலென்று இருக்கும். அது ஏன் அப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கேட்டது என் அத்தைதான். அப்பாவின் அக்கா. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருவாள். வந்த அன்றே வேலை ஆரம்பித்துவிடும். தோட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் குழாயை மூடுவாள். பின்னாலேயே அப்பா போய்த் திறப்பார்.

"ஏலே, குடிக்கிற தண்ணிய இப்படிச் சாக்கடைக்கு விட்டா வெளங்குமாலே?"

"அதத் தொடாத அக்கா. அது ஓடணும்."

"ஓடணுமா? ஏன், நின்னா அதுக்குக் கால் வலிக்குமா?"

அம்மாவும் நானும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஊருக்குக் கிளம்புகிற நேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தவள், திரும்பிப் போய் ஒரு தடவை மூடிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

அப்பா சிரிக்கமாட்டார். அவருக்கு வேலை நிலக்கரிச் சுரங்கத்தின் பம்ப் செக்‌ஷனில். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இல்லை, மேலே வரத் துடிக்கும் தண்ணீர். சுரங்கத்தைச் சுற்றிக் குழாய் இறக்கி, அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே ஆள் நின்று வேலை செய்ய முடியும். எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: சோறு பொங்கும்போது பானை மூடி எப்படித் தூக்குகிறது, அதே மாதிரி சுரங்கத்துத் தரையைத் தண்ணீர் தூக்கும். அதன் மேல் மிஷினும் ஆட்களும் நிற்பார்கள்.

"பம்ப் நின்னுட்டா?" என்று கேட்டேன்.

"நிக்காது. நான் இருக்கேன்ல."

அதனால்தான் ஓடுகிற தண்ணீர் அவருக்கு நிம்மதி. குழாயில் சத்தம் கேட்டால் எங்கோ பம்ப் ஓடுகிறது, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். நகரியத்துக்குக் குடிக்க வருவதும் வாய்க்காலில் ஏரிகளுக்குப் போவதும் அப்படி இறைத்த தண்ணீர்தான் என்பது அப்பாவின் கணக்கு. எங்கள் புல்தரைக்காக யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. இறைத்ததைக் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் ரோஜாச் செடிகள் நின்றது அந்த இடத்தில்.

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையை யாரும் லேசாகச் சொல்லக்கூடாது. சில சமயம் வாசலில் ஜீப் வந்து நிற்கும். டிரைவர் இறங்கமாட்டார். "சார், தண்ணி ஏறுது" என்பார். அவ்வளவுதான். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் ஏறிக்கொள்வார். மறுநாள் சட்டையெல்லாம் களிமண்ணோடு வந்து படுப்பார். எதுவும் ஆகியிருக்காது. ஒரு தடவைகூட எதுவும் ஆகவில்லை. ஆனால் நடக்காத அந்த ஒன்று எங்கள் வீட்டில் எங்களோடேயே குடியிருந்தது. ஒருமுறை அடுப்படி ஜலதாரை அடைத்துக்கொண்டு, அம்மா யோசிக்காமல் "ஐயோ, தண்ணி ஏறுது" என்று சொல்லிவிட்டாள். அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

நான் வளர்ந்து, தோட்டங்களும் பூங்காக்களும் வடிவமைக்கிற வேலைக்குப் போனேன். சென்னையில் இருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். புல்தரை கேட்டு வருகிறவர்களிடம் அது முதலில் வரும். வெளிநாட்டுப் படத்தைப் போனில் காட்டி "இதே மாதிரி வேணும் மேடம், ஆனா சஸ்டெயினபிளா இருக்கணும்" என்பார்கள். சர்க்கரை தூக்கலாக, ஆனால் இனிப்பில்லாமல் ஒரு காபி கேட்கிற மாதிரி. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளும் கேட்பார்கள், தண்ணீரைத் தீர்த்துவிடாமல் தோட்டம் போடுகிற இந்தச் சஸ்டெயினபிலிட்டி அவ்வளவு முக்கியமா என்று. திரையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு ஒரு பதில் சொல்வேன். நிஜமான பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் அவர்களை எங்கள் பழைய வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். பக்கத்திலேயே வடக்குத்து என்ற ஊரில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். பழைய தோட்டம் அப்படியே வேண்டும் என்றாள் அம்மா. முடியாது என்றேன். இங்கே இருப்பது நம் போர்வெல் ஒன்றுதான், கீழிருந்து யாரும் நமக்காக இறைத்துக் கொட்டப் போவதில்லை என்றேன். நொச்சி, ஆவாரை, ஓரத்தில் பூவரசு, நாவல், நடுவே ஒரு முந்திரி என்று நட்டேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் வாழை. அம்மா முந்தானையை உதறிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்காடி அஞ்சு வருஷம் படிச்ச? ரோட்டோரத்துல இது சும்மாவே முளைக்குமே."

சும்மாவே முளைக்கும் என்பதுதான் அதன் பெருமை என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ஏறவில்லை.

அப்பா தன் வழக்கத்தை மாற்றவில்லை. காலையில் எழுந்தார், மோட்டாரைப் போட்டார், தோட்டத்துக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். தினமும் இதேதான். ஆவாரைக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது, வேர் அழுகிச் செத்தது. அது கூடப் பரவாயில்லை. பின்வீட்டு அம்மா ஒருநாள் மதில் ஓரமாக வந்து நின்றாள். இரண்டு பசு வைத்திருந்தாள். எங்களுக்குப் பால் அவள்தான். அவள் வீட்டுப் போர் பழசு, ஆழம் கம்மி.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சார் வூட்டு மோட்டாரு நாளு பூரா ஓடிக்கினே இருக்குதுங்க. எங்க போருல காத்துதான் வருது. மாட்டுக்குத் தண்ணி காட்ட முத்தாண்டிக்குப்பம் ரோடு வரைக்கும் ஓட்டிக்கினு போறேன்."

அந்தப் பக்கத்தில் நீர்மட்டம் இறங்கியதற்கு எங்கள் குழாய் ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெயில், மழையில்லாமை, எத்தனையோ இருக்கும். ஆனால் அவள் வந்து நின்றது எங்கள் மதிலோரம்தான். மோட்டார் சுவிட்சை அடுப்படிக்குள் மாற்றினேன். தோட்டத்துக் குழாயின் பிடியைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் அப்பாவின் ஞாபகம் தடுமாறுகிறது என்று எங்களுக்குத் தெரிய வந்தது. அதுவரை அந்தச் சத்தம் அதை மூடி வைத்திருந்தது போல. பிடியில்லாத குழாய்க்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்பார். "என்ன, சத்தத்தையே காணோம்?" என்பார். அம்மாவிடம் கரண்ட் இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்று விளக்கைப் போட்டுக் காட்டினால், "அப்ப ஏன் பம்ப் ஓடல? யாரு ஷிப்ட்டு?" என்பார். முகம் வெளிறியிருக்கும். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. கீழே ஆட்கள் நிற்கிறார்கள், தனக்கு மட்டும் தெரிகிறது, யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்கிற பயம். நீங்கள் ரிட்டையர் ஆயாச்சு, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார் என்று நான் சொன்னால் தலையாட்டுவார். சாயங்காலம் மறுபடி கேட்பார்.

குழாயைத் திறந்தால் பின்வீட்டு மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை. மூடினால் அப்பாவுக்கு நிம்மதி இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் சேமிக்க வழி சொல்கிற எனக்கு இந்த ஒரு வீட்டுக்கு வழி தெரியவில்லை. அந்தக் கோடை முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

அடுத்த முறை நான் சென்னையிலிருந்து வந்தபோது அப்பா அமைதியாக இருந்தார். மத்தியானம் சாப்பிட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "யாரோ பழைய சிநேகிதர் வீட்டுக்குப் போறாரு, பொழுதோட வந்துடுவாரு" என்றாள் அம்மா. இந்த ஞாபகத்தோடு தனியாக அனுப்புவதா என்று அவள்மேல் கத்திவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் வழி தப்பவில்லை. நகரியத்துக்குள் நுழைந்து, எங்கள் பழைய பிளாக் தெருவில் திரும்பினார்.

அந்தத் தெருவில் ஆள் இல்லை. பழசாகிவிட்டன என்று வீடுகளைக் காலி செய்திருந்தார்கள். கதவும் ஜன்னலும் இல்லாமல் வரிசையாக நின்றன. தெருவில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

துவைக்கிற கல்லின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் போகிற வழியில் ஒரு கோடு மட்டும் பச்சை. மற்றதெல்லாம் கட்டாந்தரை. என் தொழில் புத்தி சும்மா இருக்காதே, எது எங்கே இருந்தது என்று கண் தானாகத் தேடியது. புல்தரை இருந்த சுவடே இல்லை. கல்வாழை இல்லை. ரோஜாப் பாத்தியைச் சுற்றிப் பதித்த செங்கல் மட்டும் இருந்தது, உள்ளே வெறும் மண். குரோட்டன்ஸ் நின்ற இடத்தில் குச்சிகள். அடுப்படித் தரையைப் பிளந்துகொண்டு ஒரு வேம்பு கூரை வரை வளர்ந்திருந்தது. ஹாலில் நாங்கள் டிவி வைத்திருந்த மூலையில் அணில் போட்ட கொட்டையோ என்னவோ, ஒரு முந்திரி முளைத்து ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகக் கையை வெளியே நீட்டியிருந்தது. நாங்கள் நட்டதில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் நடாததெல்லாம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்தேன் என்பதற்கு அங்கே எந்தச் சாட்சியும் இல்லை.

"வாம்மா, உக்காரு" என்றார் அப்பா. "ஓடுது பாரு."

உட்கார்ந்தேன். காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. மூடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெயில் தாழ்ந்ததும் அவர் சைக்கிளையும் நான் ஸ்கூட்டரையும் தள்ளிக்கொண்டு நடந்தே வீடு வந்தோம்.

கொஞ்ச நாளில் அம்மா போன் செய்தாள். வீடுகளை இடிக்கப் போகிறார்களாம், அந்தத் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அப்பா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாராம். சோறு வேண்டாமாம். அன்றைக்கே பஸ் ஏறினேன். வழி நெடுக யோசித்ததில் ஒன்று தோன்றியது.

மொட்டைமாடி மழைநீரை இறக்கி ஒரு பெரிய கறுப்புத் தொட்டியில் விட்டேன். தொட்டியின் அடியில் குழாய். கைப்பையிலேயே கிடந்த பழைய பிடியை அதில் மாட்டினேன். குழாயிலிருந்து ஒரு சின்ன ஓடை, பின்வீட்டு மதிலோரம் வரை. அங்கே ஆழமாகக் குழி வெட்டி, கருங்கல்லும் மணலும் நிரப்பினேன். மழைக்காலம் முழுக்க அப்பா இஷ்டத்துக்குத் திறந்து விடலாம். ஒரு சொட்டு வீணாகாது, எல்லாம் மண்ணுக்குள் போகும். அவருக்குச் சத்தம், பின்வீட்டுக்குத் தண்ணீர். என் தொழிலில் இத்தனை சின்ன இடத்தில் இத்தனை நல்ல வேலையை நான் செய்ததில்லை என்று எனக்குக் கர்வமாகவே இருந்தது.

அப்பா தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தண்ணி எங்கேர்ந்து வருது?"

"மாடியிலேர்ந்துப்பா."

"எங்க போகுது?"

"குழிக்குள்ள. கீழ போயிடும்."

"கீழயா விடுற?" என்று என் முகத்தையே பார்த்தார். வாழ்க்கை முழுக்கக் கீழிருப்பதை மேலே எடுத்தவர். அந்தக் கேள்வியை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கியிருக்கலாம். மழை பிடித்துக்கொண்டது. அவர் குழாயைத் திறந்தார், நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐப்பசி அடைமழை முடிந்து, நான் மறுபடி வந்திருந்த ஒரு மத்தியானம். வெயில் எட்டிப் பார்த்தது. அப்பா குழாயடியில் இருந்தார். நொச்சி தழைத்திருந்தது, செத்த ஆவாரையின் இடத்தில் தானாக ஒன்று முளைத்திருந்தது. பின்வீட்டு அம்மா பால் செம்போடு சிரித்துக்கொண்டே வந்தாள். மழையால் ஆனதோ குழியால் ஆனதோ, அவளுக்கு அது அப்பா கொடுத்தது.

"சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்க தொறந்து வுட்டுக்கினே இருந்தீங்க இல்ல, எங்க போருல தண்ணி ஏறுதுங்க."

வடக்குத்தில் அதைவிட நல்ல சேதி கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்க அங்கே சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார்.

"எப்பலேர்ந்து?"

"ஒரு வாரமாங்க. ஏறிக்கினே வருது."

"ஒரு வாரமாவா?" என்றார் அப்பா. "யாரும் ஏன் சொல்லல? எல்லாரையும் மேல வரச் சொல்லு. மிஷின அப்படியே விட்டுட்டு வரச் சொல்லு."

நீங்கள் ரிட்டையர் ஆயாச்சு அப்பா என்று வாயைத் திறந்தேன். பின்வீட்டு அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், செம்பைத் திட்டில் வைத்தாள்.

"இதோ கூட்டிக்கினு வர்றேங்க சார். நீங்க முன்ன போங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு பசுவையும் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தெருவில் வெயிலில் நாங்கள் எல்லோரும் சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றோம். காலுக்கடியில் ஏதோ அசைகிறதா என்று நான் கவனித்தேன். சத்தியமாகக் கவனித்தேன்.

அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மாடுகளையும் பார்த்தார்.

"வேற யாரும் கீழ இல்லையே?"

"எல்லாரும் வந்தாச்சுங்க" என்றாள் என் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். "இல்லப்பா, யாரும் இல்ல" என்றேன்.

சுரங்கத்தின் பக்கம் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "அப்ப நிறுத்திரலாம்" என்றார். உள்ளே போனார். இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துத் திருகி, குழாயை மூடினார். அப்பா ஒரு குழாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை. தொட்டி நிறைந்தால் தண்ணீர் வழிந்து தானாகக் குழிக்குப் போகிறது, அதற்கு யார் கையும் வேண்டியதில்லை. தோட்டம் நன்றாக இருக்கிறது. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கும். அப்பா பம்பைப் பற்றிக் கேட்பதில்லை, நன்றாகத் தூங்குகிறார் என்று அம்மா சொல்கிறாள். அங்கே போகும்போதெல்லாம் எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. அந்த வீட்டின் நிசப்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். சுரங்கத்தில் பம்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்றைக்காவது ஒருநாள் அவற்றையும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால், வேற யாரும் கீழ இல்லையே என்று கேட்க அன்றைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும்.